சாப்பிட்ட பின் இதயத் துடிப்பு தடம் மாறுவதற்கும் வயிற்றுக் கோளாறுக்கும் தொடர்பு உண்டா?

மதிய உணவு முடிந்த அரை மணி நேரத்தில் வயிறு உப்பிக்கொள்வதாகவும், அதையடுத்து நெஞ்சில் துடிப்பு விட்டு விட்டு வருவதாகவும், ஏப்பம் வந்தால் சற்று அடங்குவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இவை இரண்டுக்கும் உண்மையிலேயே தொடர்பு இருக்கிறதா, மருத்துவர் எடுக்கச் சொன்ன, சிறு கருவியை மார்பில் மாட்டி நாள் முழுதும் இதயத் துடிப்பைப் பதிவு செய்யும் ஹோல்டர் பரிசோதனை அவசியமா என்பவை உங்கள் கேள்விகள். தொடர்பு இருக்கிறது. நான் மருத்துவன் அல்லன். ஆறு ஆண்டுகளாக இதே தொல்லையோடு வாழ்ந்து, அதை ஓரளவு கட்டுக்குள் கொண்டுவந்திருக்கும் நோயாளி. ஆனால் தொடர்பு உண்டு என்ற விடையை, இதயத்தைப் பரிசோதித்து முடித்த பிறகுதான் ஒருவர் தமக்கும் பொருந்துவதாக எடுத்துக்கொள்ள வேண்டும். இதை நான் முதலிலேயே சொல்வதற்குக் காரணம் எங்கள் வீட்டில் நடந்த ஒரு நிகழ்ச்சி. அதைப் பின்னால் எழுதுகிறேன்.

எனக்கு இது நாற்பத்து மூன்றாம் வயதில் தொடங்கியது. வங்கி வேலை முடிந்து வீடு திரும்ப எட்டரை ஆகும். ஒன்பதரை மணிக்கு வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் பத்து மணிக்குப் படுத்துவிடுவேன். படுத்த சிறிது நேரத்தில் ஒரு துடிப்பு காணாமற்போனது போலவும், அடுத்த துடிப்பு தொண்டைவரை எகிறி இடிப்பது போலவும் இருக்கும். உண்மையில் அங்கே எந்தத் துடிப்பும் காணாமற்போவதில்லை என்பதை எனக்கு விளக்கியவர் இதய மருத்துவர். இதயத்தின் இயல்பான தாளத்தை அமைக்கும் இடம் வலது மேலறையில் இருக்கிறது. அதன் முறை வருவதற்கு முன்பே வேறோர் இடத்திலிருந்து ஒரு துடிப்பு முந்திக்கொண்டு கிளம்புகிறது. இதை எக்டோபிக் துடிப்பு என்கிறார்கள். முந்தி வந்த துடிப்பின்போது இதயத்தில் இரத்தம் போதுமான அளவு நிரம்பியிருக்காது என்பதால் அது நாடியில் தெரியாமலே போய்விடலாம். அதன் பிறகு ஒரு சிறு இடைவெளி விழுகிறது. அந்த இடைவெளியில் கூடுதலாக இரத்தம் நிரம்புவதால் அடுத்த துடிப்பு பலமாக இடிக்கிறது. நாம் பயந்துபோய் நெஞ்சைப் பிடிப்பது பெரும்பாலும் அந்த இயல்பான, பலமான துடிப்பின்போதுதான். இதைப் புரிந்துகொண்ட அன்றே என் பயத்தில் பாதி குறைந்தது.

வயிற்றில் நடப்பது இதயத்துக்கு எப்படிப் போய்ச் சேர்கிறது என்பதற்கு ஒரே விடை இல்லை. பல வழிகள் ஒன்றன்மேல் ஒன்றாக வேலை செய்கின்றன. ஜெர்மனியைச் சேர்ந்த லுட்விக் ரோம்ஹெல்ட் என்ற மருத்துவர் 1912-இல் இந்த அறிகுறித் தொகுப்பை விவரித்து எழுதினார். இன்றும் இது அவர் பெயரால் ரோம்ஹெல்ட் நோய்க்குறித் தொகுப்பு என்று வழங்குகிறது. அக்காலத்தில் இப்படிப்பட்டவர்களுக்கு 'இதய நரம்புத் தளர்ச்சி' என்று பெயரிட்டு, எல்லாம் மனப்பிரமை என்று அனுப்பிவிடுவது வழக்கமாக இருந்தது. அவர்களுள் ஒரு பகுதியினருக்குத் தொல்லை வயிற்றிலிருந்து கிளம்புகிறது என்று அவர் காட்டினார். அவர் முதன்மையாகக் கருதியது இட நெருக்கடியை. இதயம் உதரவிதானத்தின் மேல் அமர்ந்திருக்கிறது. அந்த மெல்லிய தசைத் திரைக்கு நேர் கீழே, இடப்பக்கத்தில், இரைப்பையின் மேல் வளைவு இருக்கிறது. விழுங்கிய காற்று சேர்வதும் அங்கேதான். மார்பு எக்ஸ்ரே படத்தில் இடது உதரவிதானத்துக்குக் கீழே கருப்பாகத் தெரியும் குமிழி அதுவே. இரைப்பை உப்பினால் திரை மேலே தள்ளப்படுகிறது, இதயம் சற்றே இடம் பெயர்கிறது. ஏப்பம் வந்ததும் உங்களுக்குச் சுகம் தெரிவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

ஆயினும் இந்த அழுத்தத்தை மட்டும் வைத்து எல்லாவற்றையும் விளக்கிவிட முடியாது. நரம்புக்கு இதில் பெரும் பங்கு உண்டு. மூளையிலிருந்து கழுத்து வழியாக இறங்கும் வேகஸ் நரம்பு இதயத்துக்கும் கிளை விடுகிறது, உணவுக்குழாய்க்கும் இரைப்பைக்கும் குடலுக்கும் கிளை விடுகிறது. அதன் இழைகளில் பெரும்பகுதி உள்ளுறுப்புகளிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுபோகும் இழைகள். மருந்தியல் ஆய்வாளர் ஓட்டோ லோவி 1921-இல் ஒரு தவளை இதயத்தின் வேகஸ் நரம்பைத் தூண்டி, அந்த இதயத்தைச் சூழ்ந்திருந்த திரவத்தை எடுத்து இன்னொரு தவளை இதயத்தில் செலுத்தியபோது அந்த இரண்டாவது இதயமும் வேகம் குறைந்தது. நரம்பு ஒரு வேதிப்பொருளைச் சுரந்துதான் இதயத்தை அடக்குகிறது என்பது அவ்வாறு தெரிய வந்தது. வயிறு விரியும்போது மூளைக்குப் போகும் செய்திக்கு மறுமொழியாக இதே வேகஸ் வழியாக இதயத்துக்கும் கட்டளை வரலாம். தாளம் மெதுவாகும்போது, முந்திக்கொண்டு கிளம்பும் துடிப்புகளுக்கு இடைவெளி கிடைக்கிறது. மேலறைகளின் மின்னியல்பும் மாறுவதால், அதற்கேற்ற உடல்வாகு உள்ளவர்களுக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற, முற்றிலும் ஒழுங்கற்ற துடிப்பு கூடத் தொடங்கக்கூடும். பிரெஞ்சு இதய மருத்துவர் பிலிப் கூமெல் இவ்வகையைத் தனியாக எடுத்துக்காட்டினார்: உழைக்கும்போது வராது, உணவுக்குப் பின்னும், ஓய்வின்போதும், இரவிலும் வரும். என் மருத்துவர் இதைச் சொன்னபோது, ஓடிப் பேருந்து பிடிக்கும்போது ஒன்றும் ஆகாத எனக்குச் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்ததும் ஏன் துடிப்பு பிசகுகிறது என்ற நெடுநாள் குழப்பம் தெளிந்தது.

மூன்றாவது வழி அண்டை வீட்டுச் சுவரைப் போன்றது. உணவுக்குழாய், இதயத்தின் இடது மேலறையின் முதுகை ஒட்டியே இறங்குகிறது. தொண்டை வழியாகக் குழாயை இறக்கி இதயத்தை எக்கோ எடுக்க முடிவதே இந்த நெருக்கத்தால்தான். எதுக்களிப்பால் அமிலம் மேலேறி உணவுக்குழாய் புண்பட்டிருப்பவர்களுக்கும், இரைப்பையின் ஒரு பகுதி உதரவிதானத் துளை வழியாக மார்புக்குள் ஏறியிருக்கும் ஹயாட்டஸ் ஹெர்னியா உள்ளவர்களுக்கும் மேலறைத் துடிப்புக் கோளாறு கூடுதலாகக் காணப்படுவதற்கு இதுவும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. நாம் நெஞ்சு என்ற ஒரே சொல்லால் இதயத்தையும் சொல்கிறோம், உணவுக்குழாயின் எரிச்சலையும் நெஞ்செரிச்சல் என்கிறோம். இரைப்பையின் வாய்க்கு உடற்கூற்றியலில் வழங்கும் கார்டியா என்ற பெயரும் இதயத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லை ஒட்டியதே.

இவற்றோடு, உணவு உண்டவுடன் குடலுக்குப் பாயும் இரத்தம் கணிசமாகக் கூடுவதால் இதயம் சற்று விரைவாக உழைக்க வேண்டியிருப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முதியவர்கள் சிலருக்கு உணவுக்குப் பின் இரண்டு மணி நேரத்துக்குள் மேல் இரத்த அழுத்தம் 20 புள்ளிகளுக்கு மேல் இறங்கி, தலைசுற்றலும் படபடப்பும் வருவதுண்டு.

இனி, எங்கள் வீட்டு நிகழ்ச்சி. என் தாய்மாமாவுக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. சர்க்கரை நோய் உண்டு. கல்யாண விருந்துக்குப் போய்வந்த இரவில் மேல்வயிற்றில் அழுத்தமும் வியர்வையும் கண்டது. 'வாயுதான், பயப்படாதே' என்று அவரே அத்தைக்கு ஆறுதல் சொல்லி, முதலில் ஓமத்திரவமும் பிறகு எலுமிச்சை பிழிந்த சோடாவும் குடித்திருக்கிறார். நன்றாக ஏப்பம் வந்தது; வலி தணிந்தது போலவும் இருந்தது. விடியற்காலையில் வாந்தி எடுத்து மயங்கிய பிறகுதான் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். இதயத்தின் அடிப்பகுதிச் சுவரில் மாரடைப்பு. அந்தச் சுவர் உதரவிதானத்தின் மேலேயே படிந்திருப்பதால், அங்கே அடைப்பு ஏற்பட்டால் வலி மேல்வயிற்றில் தெரியலாம், குமட்டலும் ஏப்பமும் வரலாம், வேகஸ் நரம்பு தூண்டப்பட்டு நாடி மெதுவாகவும் ஆகலாம். சர்க்கரை நோயாளிகளுக்கு வலியே மங்கலாக இருக்கலாம். மாமா பிழைத்துக்கொண்டார். ஆனால் இழந்த அந்த ஆறேழு மணி நேரத்தில் பழுதான தசை திரும்பவில்லை. இப்போது ஒரு மாடி ஏறினாலே அவருக்கு மூச்சு வாங்குகிறது. ஆகவே ஏப்பம் வந்து குறைந்தது என்பதை இதயம் நலமாக இருப்பதற்குச் சான்றாக நீங்கள் ஒருபோதும் கொள்ள வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். வியர்வை, மயக்கம், மூச்சுத்திணறல், தாடைக்கோ கைக்கோ முதுகுக்கோ பரவும் அழுத்தம், நடக்கும்போது வந்து நின்றால் அடங்கும் வலி, நிற்காமல் தொடரும் ஒழுங்கற்ற துடிப்பு ஆகியவற்றில் எது இருந்தாலும் வீட்டு வைத்தியம் எதையும் பார்க்காமல் 108-ஐ அழையுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஏனெனில் நம்மில் பலர் இதைப் பொருட்படுத்துவதில்லை: வயிற்றுக்கு எடுக்கும் மாத்திரையே துடிப்பைக் கலைக்கக்கூடும். காலையில் வெறும் வயிற்றில் போடும் 'கேஸ் மாத்திரை' பல நேரங்களில் அமிலத்தைக் குறைக்கும் பான்டோப்ரசோலும் குமட்டலை அடக்கும் டொம்பெரிடோனும் கலந்தது. பான்டோப்ரசோல் வகை மருந்துகளை நெடுநாள், பெரும்பாலும் ஓராண்டுக்கு மேல், எடுத்தால் சிலருக்கு இரத்தத்தில் மக்னீசியம் குறைந்து துடிப்புக் கோளாறு வரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2011-இல் எச்சரித்தது. டொம்பெரிடோன் இதயத்தின் மின்னோட்டம் மீண்டும் சமநிலைக்கு வரும் நேரத்தை நீட்டக்கூடியது. ஐரோப்பிய மருந்து முகமை 2014-இல் அதன் பயன்பாட்டைச் சுருக்கி, பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கு 10 மில்லிகிராம், நாளுக்கு மூன்று வேளைக்கு மிகாமல், பொதுவாக ஒரு வாரத்துக்குள் நிறுத்த வேண்டும் என்று வரம்பிட்டது. வயிற்றுப் புண் கிருமிக்குக் கொடுக்கும் கிளாரித்ரோமைசின் இதனோடு சேர்ந்தால் ஆபத்து கூடும். நான் மருத்துவரைக் கேட்காமல், கடையில் வாங்கியே இரண்டு ஆண்டுகள் அந்தக் கலவை மாத்திரையை விழுங்கியிருக்கிறேன். வயிற்றுப்போக்கும் வாந்தியும் பொட்டாசியத்தைக் குறைத்து இதே வேலையைச் செய்யும். நீங்கள் எடுக்கும் மாத்திரை அட்டைகள் அனைத்தையும் மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், தொடரவும் வேண்டாம்.

எனக்கு எக்கோ, இரத்த உப்புகள், தைராய்டு, இரத்தச்சோகைப் பரிசோதனை எல்லாம் பார்த்து, இதயத்தின் அமைப்பில் குறையில்லை என்று உறுதியான பிறகு, எண்டோஸ்கோப்பியில் சிறிய ஹயாட்டஸ் ஹெர்னியா இருப்பது தெரிந்தது. அதன் பிறகு நான்கு மாதங்கள் ஒரு நோட்டில் என்ன சாப்பிட்டேன், எவ்வளவு, எத்தனை மணிக்கு, எப்போது துடிப்பு பிசகியது என்று எழுதிவந்தேன். உருளைக்கிழங்கும் பருப்பும்தான் குற்றவாளிகள் என்று எல்லோரும் சொல்லியிருந்தார்கள். என் நோட்டு அப்படிச் சொல்லவில்லை. எதைச் சாப்பிட்டேன் என்பதைவிட எவ்வளவு சாப்பிட்டேன், சாப்பிட்டு எவ்வளவு நேரத்தில் படுத்தேன் என்பவையே கணக்கில் நின்றன. மூன்று கரண்டிச் சோற்றை இரண்டாக்கி, இரவு உணவை ஏழரை மணிக்கு அலுவலகத்திலேயே முடித்துக்கொண்டு, சாப்பாட்டின் நடுவே சொம்பு நிறையத் தண்ணீர் குடிப்பதை விட்டதும் பெரிய மாற்றம் தெரிந்தது. காலியாக இருக்கும் வயிற்றில் கடுங்காப்பியும், நிறைந்த வயிற்றின் மேல் சோடாவும் எனக்கு ஆகவில்லை. உங்களுக்கு வேறாக இருக்கலாம். படுக்கும் பக்கத்தைப் பற்றி மட்டும் ஒரு சிக்கல் இருந்தது. இடப்பக்கம் படுத்தால் இரைப்பை உணவுக்குழாயின் வாய்க்குக் கீழே தாழ்ந்துவிடுவதால் அமிலம் மேலேறுவது குறைகிறது. ஆனால் அப்படிப் படுக்கும்போது இதயம் மார்புச் சுவரை நெருங்குவதால் ஒவ்வொரு துடிப்பும் காதில் விழுவது போல இருக்கும். தலையணையை அடுக்கிப் பார்த்ததில் கழுத்துதான் வலித்தது. கடைசியில் கட்டிலின் தலைமாட்டுக் கால்கள் இரண்டின் அடியிலும் செங்கல் வைத்து ஓரடியில் பாதி உயர்த்தினேன். மல்லாந்து படுத்தாலும் இப்போது எதுக்களிப்பு இல்லை.

துடிப்பு முற்றிலும் நின்றுவிட்டதா என்றால், இல்லை. விருந்துக்குப் போன நாளிலோ, தூக்கம் கெட்ட வாரத்திலோ வருகிறது. வந்தால் எழுந்து மெதுவாக நடப்பேன். நடக்கும்போது இயல்பான தாளம் சற்று விரைவுபட்டு, முந்தும் துடிப்புகளுக்கு இடம் கிடைக்காமல் அவை அடங்கிவிடுகின்றன. அடங்காமல் போனால் ஈசிஜி எடுத்துப் பார்த்துவிடுவது என்று எனக்கும் என் மனைவிக்கும் ஓர் ஒப்பந்தம் இருக்கிறது.

ஹோல்டர் அவசியமா என்ற உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். அவசியம். இதயம் ஒரு நாளில் ஏறத்தாழ ஒரு லட்சம் முறை துடிக்கிறது. மருத்துவமனையில் எடுக்கும் ஈசிஜி அவற்றில் பத்துப் பன்னிரண்டைத்தான் பார்க்கிறது. ஆனால் நான் செய்த ஒரு தவற்றை நீங்கள் செய்துவிடாதீர்கள். முதல் முறை அந்தக் கருவியை மார்பில் மாட்டிக்கொண்ட நாளில், ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயத்தில் ஒரு கரண்டி ரசம் சோற்றோடு நிறுத்திக்கொண்டேன். பதிவில் ஒன்றுமே இல்லை, எல்லாம் இயல்பு என்று அறிக்கை வந்தது, என் தொல்லையோ அப்படியே இருந்தது. மூன்று மாதம் கழித்து மீண்டும் மாட்டியபோது மருத்துவர் சொன்னபடி வழக்கமான அளவு, வழக்கமான நேரத்தில் சாப்பிட்டேன். ஆயிரத்துக்கும் சற்று மேற்பட்ட எக்டோபிக் துடிப்புகள் பதிவாயின, அவற்றில் பெரும்பாலானவை இரண்டு உணவுகளுக்குப் பின்னும் குவிந்திருந்தன. மொத்தத் துடிப்பில் அது நூற்றில் ஒன்று அளவுதான். நூற்றுக்குப் பத்தைத் தாண்டும்போதுதான் இதயத் தசை தளருமோ என்று தனியாகக் கவனிப்பார்கள் என்று சொன்னார். கருவியோடு ஒரு தாளும் கொடுப்பார்கள்; அதில் சாப்பிட்ட நேரம், உப்பிய நேரம், ஏப்பம் வந்த நேரம், துடிப்பு பிசகிய நேரம் ஆகியவற்றை நிமிடக் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் வயிற்றுக்கும் இதயத்துக்கும் இடையே தொடர்பு உண்டா என்ற கேள்விக்கு, என் பதிலைவிட அந்தத் தாளும் பதிவும் சேர்ந்து சொல்வதே உங்களுக்கு உரிய விடை.