ஏற்காடு எஸ்டேட்ல இருக்கிற தாத்தா காலத்து டபுள் பேரல் துப்பாக்கி திறக்க மூட இறுக்கமா இருக்கு, வீட்டுலயே எமரி பேப்பர் போட்டு தேய்ச்சு ஸ்மூத் பண்ணலாமா?

மொதல்ல எமரி பேப்பரை கீழ வைங்க சார். தோட்டா இல்லைன்னு ரெண்டு குழலையும் பாத்துட்டு, பேரலைக் கழட்டி கீல் பக்கம் பாருங்க, பாதி கேஸ்ல அங்க பழைய எண்ணெய் காஞ்சு பிசின் மாதிரி அப்பியிருக்கும், ஏற்காடு பனிக்கும் ஈரத்துக்கும் துருவும் சேந்துக்கும். மண்ணெண்ணெய் தொட்ட துணியால தொடைச்சு, நல்லா காயவிட்டு, கீல்லயும் பூட்டு உரசுற இடத்துலயும் துளி கிரீஸ் வைங்க, துளிதான், அள்ளி அப்புனா தூசி ஒட்டி மறுபடி அதே கதை.

தேய்ச்சா என்ன ஆகும்னா, பேரலோட பின்பக்கம் பாடியில ஒட்டி உக்காரணும், கீல்ல கொஞ்சம் உலோகம் போனாலே நடுவுல இடைவெளி விழுந்து துப்பாக்கி ஆட ஆரம்பிச்சிடும், போன உலோகத்தை திருப்பி ஒட்ட முடியாது. புது துப்பாக்கி இறுக்கமா இருந்தா அது நல்லது, புழங்கப் புழங்க இளகும்.

ட்ரிகர் பக்கம் கையே வைக்காதீங்க, உள்ள கொக்கி விளிம்பு லேசா மழுங்கினாலும் துப்பாக்கி எங்கயாவது தட்டினா தானா வெடிச்சிடலாம். சுத்தம் பண்ணியும் இறுக்கம் போகலைன்னா லைசன்ஸ் உள்ள ரிப்பேர்காரர்கிட்ட குடுங்க, 1959 ஆயுதச் சட்டப்படி ரிப்பேர் தொழில் பண்றவருக்கும் தனி லைசன்ஸ் வேணும். அப்புறம், தோல் உறையிலயே வருஷக்கணக்கா வைக்காதீங்க, தோல் ஈரத்தை இழுத்து வச்சுக்கும்.