முதலில் ஒரு பழைய வினாத்தாள், பிறகு புத்தகம்

கேள்வி: பி.காம். முடித்து, விருதுநகரில் ஒரு பருப்பு மண்டியில் கணக்கு எழுதுகிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவள். ஐஐஎம்மில் எம்பிஏ படிக்கக் கேட் தேர்வு எழுத ஆசை. பயிற்சி மையம் ஒன்று பதினெட்டுப் புத்தகங்களை 14,000 ரூபாய்க்குத் தருகிறது. பெரியப்பா மகன் 2008இல் தான் படித்த புத்தகங்களைச் சும்மாவே தருகிறார். எதை நம்பலாம்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புச் சகோதரிக்கு, பயிற்சி மையத்துக்கு இப்போது பணம் கட்டாதீர்கள். அது உங்கள் சம்பளத்தில் எவ்வளவு பெரிய தொகை என்பதை நினைத்தாலே எனக்குப் பதறுகிறது. 2017 முதல் நடந்த கேட் தேர்வுகளின் வினாத்தாள்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றில் ஒன்றை ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். 2020க்குப் பிந்தைய தாளாக இருக்கட்டும். அந்த ஆண்டிலிருந்துதான் மொத்தம் இரண்டு மணி நேரம், அதில் ஆங்கிலம், தரவும் தர்க்கமும், கணக்கு என்ற மூன்று பகுதிகளுக்கும் தலா 40 நிமிடம் என்ற முறை நடப்பில் இருக்கிறது. ஒரு பகுதியில் மிஞ்சிய நேரத்தை அடுத்த பகுதிக்குக் கொண்டுபோக முடியாது. சரியான விடைக்கு 3 மதிப்பெண்; கொடுத்த விடைகளிலிருந்து தேர்ந்தெடுக்கும் கேள்வியில் தவறினால் 1 குறையும்.

அண்ணன் தரும் புத்தகங்களை வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் பிரித்துப் பாருங்கள். அவர் படித்த காலத்தில் தேர்வு காகிதத்தில் நடந்தது. 2009இல் கணினிக்கு மாறியது. இப்போது திரையிலேயே கால்குலேட்டர் உண்டு என்பதால், பெருக்கல் குறுக்குவழிகளுக்காக மாதக்கணக்கில் உழைக்க வேண்டாம். எதிர்ச்சொல், ஒருபொருட்சொல் பட்டியல்களையும் ஒதுக்கிவிடுங்கள். அண்மைத் தேர்வுகளில் அவற்றை நேரடியாகக் கேட்பதில்லை. விகிதம், வட்டி, லாப நட்டம், வேலையும் நேரமும் ஆகிய பாடங்கள் அப்படியே இருக்கின்றன. அந்தப் பக்கங்கள் இன்றும் உதவும்.

கணக்கின் அடித்தளத்துக்கு நான் சிபாரிசு செய்வது நம் அரசுப் பாடநூல்களைத்தான். எட்டாம் வகுப்புப் புத்தகத்தின் ‘வாழ்வியல் கணிதம்’ அத்தியாயத்திலிருந்து தொடங்கிப் பத்தாம் வகுப்பு இயற்கணிதம், வடிவியல் வரை போங்கள். தமிழ் வழி, ஆங்கில வழி இரண்டையும் இலவசமாகத் தரவிறக்கிப் அருகருகே வைத்துப் படியுங்கள். தெரிந்த கணக்குதான், அதன் ஆங்கிலப் பெயர்கள் மட்டுமே உங்களுக்குப் புதிது. அந்தத் தடை சில வாரங்களில் விலகிவிடும்.

உங்களுக்கு உண்மையான உழைப்பு தேவைப்படும் இடம் ஆங்கில வாசிப்பு. 2024 தேர்வில் மொத்தம் 68 கேள்விகள். ஆங்கிலப் பகுதியின் 24இல் 16 நீண்ட பத்திகளைப் படித்து விடையளிப்பவை. தத்துவம், சூழலியல், வரலாறு, கலை என்று எதிலிருந்தும் பத்தி வரலாம். இதற்கென்று விற்கும் எந்தத் தடித்த புத்தகமும் தினசரி வாசிப்புக்கு ஈடாகாது. நாளும் ஓர் ஆங்கிலக் கட்டுரை, அதுவும் உங்களுக்குப் பழக்கமில்லாத துறையில், படியுங்கள். படித்து மூடியபின், எழுதியவர் என்ன வாதிடுகிறார் என்பதை இரண்டு வரிகளில் எழுதுங்கள். தமிழிலேயே எழுதலாம், தயங்க வேண்டாம். புரிந்ததா இல்லையா என்பது அந்த இரண்டு வரியில் தெரிந்துவிடும்.

தரவு, தர்க்கப் பகுதிக்குப் பாடம் என்று தனியாக ஒன்றும் இல்லை. ஒரே தரவை வைத்துச் சில கேள்விகள் கேட்கும் தொகுதிகள் பழைய வினாத்தாள்களில் இருக்கின்றன, அவையே போதும். எந்தத் தொகுதியைத் தொடாமல் விடுவது என்று முதல் சில நிமிடங்களில் முடிவெடுப்பதுதான் அங்கே பயிற்சி.

காசு செலவழிப்பதாக இருந்தால், ஏதாவது ஒரு நிறுவனத்தின் மாதிரித் தேர்வுத் தொடருக்குக் கொடுங்கள். ஒன்றே போதும், இரண்டு மூன்று வாங்கினால் எழுதுவதிலேயே பொழுது போய்விடும், தவறுகளை அலச நேரம் இருக்காது. ஒவ்வொரு தவறுக்கும் எதிரே காரணத்தைக் குறித்துவையுங்கள்: பாடம் தெரியவில்லையா, நேரம் போதவில்லையா, அவசரமா? மூன்றுக்கும் மருந்து வேறு. பாடம் தெரியாத இடத்துக்கு மட்டும்தான் புதிய புத்தகம் தேவை.

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் எம்பிஏ சேர அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் நுழைவுத் தேர்வான டான்செட்டையும் எழுதுங்கள். அதன் கேள்வி அமைப்பு வேறு என்பதால், அதற்கு அதன் பழைய தாள்களையே வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வினாத்தாளை எழுதி முடித்ததும் மூன்று பகுதிகளின் மதிப்பெண்களை எனக்கு அனுப்புங்கள். எந்தப் பகுதிக்குப் புத்தகம் வேண்டும் என்று அப்போது பார்ப்போம்.