விமான நிறுவனம் மூடிவிட்டது, என் டிக்கெட் பணம் வருமா?

கேள்வி: வணக்கம் மேடம். வெளிநாட்டில் இருக்கும் தங்கையைப் பார்க்கப் போவதற்காக நான்கு டிக்கெட் எடுத்திருந்தேன். ஐந்து மாதத்துக்கு முன்பே கிரெடிட் கார்டில் முழுப் பணமும் கட்டிவிட்டேன். பயணம் அடுத்த மாதம். போன வாரம் அந்த விமான நிறுவனம் திடீரென்று எல்லா விமானங்களையும் நிறுத்திவிட்டது. இணையதளத்தில் ‘பணம் திருப்பித் தரப்படும், காத்திருக்கவும்’ என்று ஒரு வரி மட்டும் இருக்கிறது. போன் போட்டால் யாரும் எடுப்பதில்லை. டிக்கெட் எடுத்துக் கொடுத்த ஏஜென்ட்டும் காத்திருக்கத்தான் சொல்கிறார். என்ன செய்யட்டும்?

பதில்: காத்திருக்காதீர்கள். உங்கள் பணம் திரும்பி வர நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஆனால் அது விமான நிறுவனத்திடமிருந்து வராது, உங்களுக்குக் கார்டு கொடுத்த வங்கி வழியாகத்தான் வரும். இன்றே வங்கிக்கு எழுதுங்கள்.

ஓய்வு பெறுவதற்கு முன் 14 வருடம் ஒரு வங்கியில், கார்டு பணம் பற்றிய தகராறு மனுக்களைப் பார்க்கும் பிரிவில் இருந்தேன். ஒருமுறை ஒரு விமான நிறுவனம் இப்படித்தான் நின்றுபோனது. முதல் வாரத்திலேயே எழுதியவர்களுக்குப் பணம் வந்தது. அவர்களைப் போலவே டிக்கெட் வைத்திருந்த ஒரு பெரியவர், நிறுவனம் சொன்னதை நம்பிப் பொறுமையாக இருந்துவிட்டு ஐந்தாவது மாதம் வந்தார். கெடு தாண்டியிருந்தது. குடும்பத்தில் ஆறு பேருக்கான டிக்கெட். அவர் தப்பு ஒன்றும் செய்யவில்லை, காத்திருக்கச் சொன்னார்கள், காத்திருந்தார். அந்த மனுவைத் திருப்பி அனுப்பிய நாளை நான் இன்னும் மறக்கவில்லை. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இதற்கு சார்ஜ்பேக் என்று பெயர். கார்டில் நீங்கள் கட்டிய பணம் உங்கள் வங்கியிலிருந்து விமான நிறுவனத்தின் வங்கிக்குப் போய், அங்கிருந்து நிறுவனத்துக்குப் போகிறது. பணம் கட்டியும் சேவை கிடைக்கவில்லை என்றால் அதே வழியில் அதைத் திருப்பி எடுக்க விசா, மாஸ்டர்கார்டு விதிகளில் இடம் உண்டு. நிறுவனத்தின் கையில் காசு இல்லாவிட்டால் அந்த நஷ்டத்தை அவர்களுடைய வங்கி ஏற்க வேண்டிவரும். ஒரு விமான நிறுவனம் தள்ளாடுகிறது என்று தெரிந்ததும் அந்த வங்கிகள் டிக்கெட் பணத்தில் ஒரு பங்கைப் பிடித்து வைத்துக்கொள்வது இதனால்தான். ஆகவே ‘கம்பெனியே இல்லையே, யாரிடம் கேட்பது’ என்று வங்கியில் முதலில் போன் எடுப்பவர் சொன்னால் மனம் தளர வேண்டாம். தகராறு பிரிவுக்கு அனுப்பச் சொல்லுங்கள், புகார் எண் வாங்காமல் போனை வைக்காதீர்கள்.

கெடு பொதுவாக 120 நாள். பயணத் தேதியிலிருந்தோ, சேவை கிடைக்காது என்று தெரிந்த நாளிலிருந்தோ எண்ணுவார்கள். எதிலிருந்து என்று வங்கியோடு வாதாடும் நிலைக்குப் போகாமல், விமானங்கள் நின்ற நாளையே முதல் நாளாக வைத்துக்கொள்ளுங்கள்.

மனுவில் காரணம் ‘சேவை வழங்கப்படவில்லை’ என்று இருக்க வேண்டும். ‘பயணத்தை ரத்து செய்தேன்’ என்று தவறிக்கூட எழுதாதீர்கள். நீங்களாக ரத்து செய்ததாக ஆகிவிட்டால் டிக்கெட்டின் ரத்து நிபந்தனைகளைக் காட்டி மறுத்துவிடலாம். டிக்கெட், பணம் போனதைக் காட்டும் ஸ்டேட்மென்ட், சேவை நின்ற அறிவிப்பின் படம், இந்த மூன்றும் போதும். அந்த அறிவிப்பை இப்போதே படமெடுத்து வையுங்கள், இணையதளமே ஒருநாள் காணாமல் போகும்.

ஸ்டேட்மென்ட்டில் பணம் யார் பெயருக்குப் போயிருக்கிறது என்றும் பாருங்கள். விமான நிறுவனத்தின் பெயர் இருந்தால் மனு அவர்கள் மேல். ஏஜென்ட்டின் பெயர் இருந்தால், அவர் ‘காத்திருங்கள்’ என்று சொன்னாலும் மனு அவர் மேல்தான். சில ஏஜென்ட்கள் சேவைக் கட்டணத்தைத் தனியாகப் பிடித்திருப்பார்கள், அந்தத் தொகையை டிக்கெட் பணத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இடையில் யாராவது வவுச்சர் தருகிறோம் என்றால் வாங்காதீர்கள். மூடிய நிறுவனத்தின் வவுச்சரை வைத்து எந்த விமானத்திலும் ஏற முடியாது.

கடன்காரர்கள் பட்டியலில், அதாவது மூடிய நிறுவனத்திடமிருந்து பணம் வரவேண்டியவர்களின் பட்டியலில், பெயர் கொடுத்துக் காத்திருக்கலாமே என்று யாராவது சொல்வார்கள். கொடுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17-ல் பறப்பதை நிறுத்தியது. அதைக் கலைத்து சொத்துகளை விற்கும்படி இந்திய உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 2024 நவம்பரில். கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதம் நின்றது, கலைப்பு உத்தரவு வந்தது 2025 ஜனவரியில். அப்படி விற்று வரும் பணத்திலும் ஈடு வாங்கிக் கடன் கொடுத்த வங்கிகளும் ஊழியர்களும் முன்னால் நிற்பார்கள். பயணி வரிசையின் கடைசிப் பக்கம். வங்கி வழியாகப் பணம் வந்துவிட்டால் அங்கே கொடுத்த மனுவைத் திரும்பப் பெற்றுவிடுங்கள், ஒரே பணத்தை இரண்டு இடத்தில் வாங்கக் கூடாது.

இன்னொன்று. ‘உங்கள் ரீஃபண்ட் தயாராக இருக்கிறது, கார்டு எண் சொல்லுங்கள்’ என்று போன் வரும். ஒரு நிறுவனம் விழுந்த செய்தி வந்ததுமே மோசடிக்காரர்கள் கிளம்பிவிடுகிறார்கள். யாருக்கும் ஓடிபி சொல்லாதீர்கள்.

கேள்வி: நான் டிக்கெட் வைத்திருக்கும் நிறுவனம் திவால் மனு கொடுத்திருப்பதாகச் செய்தி வந்தது. விமானங்கள் இன்னும் ஓடுகின்றன. இப்போதே ரத்து செய்துவிடட்டுமா?

பதில்: அவசரப்பட வேண்டாம். திவால் மனு என்றால் மூடுவது என்று அர்த்தமில்லை. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 2011 நவம்பரில் மனு கொடுத்து, 2013 டிசம்பரில் அதிலிருந்து வெளியே வந்தது. இடையில் விமானங்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. நீங்களே ரத்து செய்தால் மேலே சொன்ன சிக்கலில் மாட்டுவீர்கள். அதற்காக நிம்மதியாக இருந்துவிடவும் முடியாது. ஜெர்மனியின் ஏர் பெர்லின் 2017 ஆகஸ்ட் 15-ல் மனு கொடுத்தது, அரசு கடன் கொடுத்துத் தாங்கியது, ஆனாலும் அக்டோபர் 27-ஆம் தேதியோடு பறப்பது நின்றுவிட்டது. ஆகவே டிக்கெட்டை அப்படியே வையுங்கள், காகிதங்களைத் தயாராக எடுத்து வையுங்கள், நின்ற அன்றே வங்கிக்கு எழுதுங்கள். இந்தச் செய்தி வந்த பிறகு பயணக் காப்பீடு எடுத்துப் பயனில்லை, தெரிந்துவிட்ட ஆபத்துக்குப் பணம் தர மாட்டார்கள். முன்பே எடுத்திருந்தால் ‘நிறுவனம் நொடித்துப்போதல்’ அதில் சேர்ந்திருக்கிறதா என்று படித்துப் பாருங்கள், பல பாலிசிகளில் அது இல்லை.

கேள்வி: ஏஜென்ட்டின் வங்கிக் கணக்குக்கு நேரடியாகப் பணம் அனுப்பினேன். எனக்கு வழி உண்டா?

பதில்: கொஞ்சம் கஷ்டமான நிலைமைதான். சார்ஜ்பேக் உங்களுக்குக் கிடையாது. ஆனால் டிக்கெட்டோடு தங்குமிடமும் சேர்த்து ஒரே தொகுப்பாக வாங்கினீர்களா என்று பாருங்கள். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலும் பிரிட்டனிலும் தொகுப்பை விற்றவரே, பயணத்துக்கு மாற்று ஏற்பாடோ பணமோ தரவேண்டும் என்று சட்டம் இருக்கிறது. 2019 செப்டம்பரில் பிரிட்டனின் தாமஸ் குக் பயண நிறுவனம் மூடியபோது 1,40,000-க்கும் மேற்பட்டவர்களை அரசு ஏற்பாட்டில் வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். தொகுப்பு வாங்கியவர்களுக்கு ‘ஆட்டால்’ என்ற பாதுகாப்புத் திட்டம் பணத்தைக் கொடுத்தது. வெறும் டிக்கெட் மட்டும் என்றால், நீங்கள் கட்டிய பணம் விமான நிறுவனத்துக்குப் போய்விட்டதா, இன்னும் அவர் கையில் இருக்கிறதா என்று ஏஜென்ட்டிடம் எழுத்தில் கேளுங்கள். போகவில்லை என்றால் அவரிடமிருந்தே திருப்பிக் கேட்கலாம். போய்விட்டது என்றால் அவருடைய பதிலையும் ரசீதையும் இணைத்து, கடன்காரர்கள் பட்டியலில் கடைசித் தேதிக்குள் மனு கொடுங்கள்.