கணவர் விட்டுப் போய் 14 மாதம்: கைவிட்டதாக விவாகரத்து மனு போடலாமா?

இப்போது முடியாது. இந்து திருமணச் சட்டம் 13வது பிரிவின்படி, கைவிட்டார் என்று விவாகரத்து கேட்க, மனு போடும் நாளுக்கு முன் தொடர்ச்சியாக 2 ஆண்டுகள் பிரிந்திருக்க வேண்டும். வக்கீல் இழுத்தடிப்பதாக எழுதியிருந்தீர்கள். அநேகமாக இதற்குத்தான் காத்திருக்கிறார்.

அடி, மிரட்டல், ஓயாத அவமானம் எதுவும் இருந்ததா? அப்படியானால் கொடுமை என்ற காரணத்தில் இப்போதே போடலாம், இந்த 2 ஆண்டுக் கணக்கு அதற்கு இல்லை. பழைய வாட்ஸ்அப் செய்திகள், ஆஸ்பத்திரிச் சீட்டு எதையும் அழித்துவிடாதீர்கள்.

அப்புறம், இடையில் திரும்பச் சேர்ந்து குடித்தனம் நடத்தியிருந்தால் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். தேதிகளைச் சரிபாருங்கள்.

ஃபீஸ்தான் சிக்கல் என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கேளுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது (பலருக்கு இது தெரிவதே இல்லை).

கிறிஸ்தவ, முஸ்லிம் திருமணம் என்றால் சட்டமே வேறு.