குடல் ஸ்டெம் செல்களும் சாப்பாடும்: வாசகர் கேள்விகள்

ஒரு நாள் பட்டினி இருந்தால் குடல் புதுப்பிக்கப்படும் என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. சிறுகுடலின் உட்சுவரில் உள்ள நுண்குழிகளின் அடியில், மற்றக் குடல் செல்களை உருவாக்கும் ஸ்டெம் செல்கள் இருக்கின்றன. அவை ஓயாமல் பிரிவதால்தான் குடலின் உள்ளுறை சில நாட்களுக்கு ஒருமுறை புதிதாகிறது. 24 மணி நேரம் பட்டினி போட்ட எலிகளில் இந்தச் செல்கள் குளுக்கோஸை விட்டுக் கொழுப்பை எரிக்கத் தொடங்கின. புதிய திசுவை உருவாக்கும் திறனும் கூடியது. இது 2018இல் வெளியான ஆய்வு.

ஆனால் வேகமான பெருக்கம் பட்டினியின்போது அல்ல, மறுபடி சாப்பிடத் தொடங்கும்போதுதான் வருகிறது என்று 2024இல் தெரியவந்தது. அந்த நேரத்தில் புற்றுநோயைத் தடுக்கும் மரபணுவைச் செயலிழக்கச் செய்தபோது எலிகளுக்குக் கட்டிகளும் அதிகம் வந்தன. வேகமாகப் பிரியும் செல்லில் மரபணுப் பிழை நேர்ந்தால் அதுவும் சேர்ந்தே பெருகும் என்பதுதான் காரணம். மனிதர்கள் இத்தனை மணி நேரம் பட்டினி இருக்கலாம் என்று இதிலிருந்து கணக்குப் போட முடியாது. ஆனாலும் பட்டினியை முடிக்கும் வேளையில், மரபணுப் பிழைக்கு வழிவகுக்கக்கூடிய மதுவையும் பதப்படுத்திய இறைச்சியையும் தவிர்க்கச் சொல்வேன். இன்சுலின் போடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் பட்டினி இருக்கவே கூடாது.

கொழுப்பு மிகுந்த உணவு ஸ்டெம் செல்களைக் கூட்டுமாமே, நல்லதுதானே?

இல்லை. கலோரியில் 60 சதவீதம் கொழுப்பாகப் பல மாதங்கள் தின்ற எலிகளில் ஸ்டெம் செல்கள் கூடின. ஆனால் அவை, வழக்கமாகத் தங்களைத் தாங்கி வளர்க்கும் பக்கத்துச் செல்களான பானெத் செல்களின் துணையில்லாமலே வளரத் தொடங்கின. கட்டி உருவாகும் போக்கும் கூடியது. எண்ணிக்கை கூடுவதை ஆரோக்கியம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நார்ச்சத்துக்குப் பதில் பியூட்டிரேட் மாத்திரை போதுமா?

நார்ச்சத்தைப் பெருங்குடல் பாக்டீரியாக்கள் நொதிக்கவைக்கும்போது பியூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலம் உருவாகிறது. பெருங்குடல் நுண்குழியின் மேற்பகுதியில் இருக்கும் முதிர்ந்த செல்கள் அதை எரித்துத் தீர்த்துவிடுவதால் அடியில் உள்ள ஸ்டெம் செல்களை அது அதிகம் எட்டுவதில்லை. எட்டினால் அவற்றின் பிரிவைத் தடுக்கும். புண்ணால் மேலடுக்கு சிதைந்த எலிக்குடலில் கூடுதல் பியூட்டிரேட் புண் ஆறுவதைத் தாமதப்படுத்தியது. எனவே மாத்திரை உணவுக்கு ஈடாகாது.

பெரியவர்களுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. இப்போது குறைவாக எடுப்பவர்கள் வாரத்துக்கு 5 கிராம் வீதம் கூட்டுங்கள், தண்ணீரையும் சேர்த்தே கூட்டுங்கள். ஒரேயடியாக ஏற்றினால் வாயுவும் வயிற்று உப்புசமும் வந்து, பாதியில் விட்டுவிடுவீர்கள். குடல் பாதை குறுகிப்போனவர்களுக்கு இது பொருந்தாது; அடைப்பு ஏற்படலாம்.