தோட்டத்துச் சுவர்ல என்ன பண்ணலாம்?

கேள்வி: நாங்க சில குடும்பங்க சேர்ந்து ஒரு பொதுத் தோட்டம் பாத்துக்கறோம். சுவர்ல எல்லாரும் சேர்ந்து படம் பண்ண ஆசை, ஆனா பாதி பேருக்கு கோடு கூட நேரா வராது. வழி சொல்லுங்க.

பதில்: பெயின்ட்டை விடுங்க, மொசைக் பண்ணுங்க, அதாவது சின்னச் சின்னத் துண்டுகளை ஒட்டிப் பண்ற படம். வரையத் தெரிஞ்சவர் ஒருத்தர் முழு அளவுக்கு பேப்பர்ல வரைஞ்சு, துண்டு துண்டா வெட்டி நம்பர் போட்டுக் குடுத்துடணும், அதுமேல ஒரு பிளாஸ்டிக் ஷீட், அதுக்கும் மேல ஃபைபர் வலை, அவங்கவங்க வீட்டுலயே உடைஞ்ச டைல்ஸை வலையில ஒட்டிக் கொண்டு வந்தா, சுவர்ல டைல் பசை தடவி வரிசையா பதிச்சு, நல்லா காஞ்சதும் கிரவுட் (டைல்ஸ் இடைவெளியை அடைக்கிற பூச்சு) போட்டா முடிஞ்சுது. சாதா வெள்ளைப் பசை ஈரத்துல இளகிரும், வலையில ஒட்ட வாட்டர்ப்ரூஃப் பசையா வாங்குங்க. டைல் உடைக்கும்போது பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம், சின்னப் பசங்களுக்கு கூழாங்கல் போதும். கலரை மட்டும் ஓட்டெடுப்புக்கு விட்டுடாதீங்க, சண்டைதான் மிச்சம்!