கியர்பாக்ஸ் உதறுகிறது: கூடுதல் வாரண்டி வாங்கலாமா?

கேள்வி: 2020இல் பதிவான ஜெர்மானியச் சொகுசு கார் ஒன்றைக் கடந்த மே 9ஆம் தேதி பழைய கார் விற்பனையாளர் ஒருவரிடமிருந்து எடுத்தேன். கடன் இல்லை, 118,000 வெள்ளியை முழுதாகக் கட்டிவிட்டேன். தயாரிப்பாளர் வாரண்டி ஏற்கெனவே முடிந்துவிட்டது. ஜூலை கடைசியிலிருந்து, காலையில் வண்டியை எடுத்ததும் ஒன்றாம் கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாறும்போது பலமாக உதறுகிறது. வெளிப் பணிமனையில் பார்த்துவிட்டு, கியர் மாற்றத்தைக் கட்டுப்படுத்தும் மெக்கட்ரானிக்ஸ் யூனிட்டை மாற்ற 9,200 வெள்ளி ஆகும் என்றார்கள். விற்றவரிடம் சொன்னால், "இரண்டு வருடக் கூடுதல் வாரண்டி 5,200 வெள்ளிதான். பம்பர் டு பம்பர். கியர்பாக்ஸும் அதில் வந்துவிடும்" என்கிறார். விற்பனை ஒப்பந்தத்தில் "உள்ளது உள்ளபடி விற்கப்பட்டது" என்று ஒரு வரி இருக்கிறது. ஆகஸ்ட் முடிவதற்குள் கையெழுத்துப் போடச் சொல்கிறார். வாங்கலாமா?
பொங்கோல் வாசகர்

பதில்: இப்போது கையெழுத்துப் போடாதீர்கள். உங்களிடம் இருப்பது இரண்டு தனித்தனிக் கேள்விகள். ஒன்று, இந்தக் கியர்பாக்ஸை யார் செலவில் சரிசெய்வது? மற்றொன்று, இனி வரப்போகும் பழுதுகளுக்கு வாரண்டி தேவையா? விற்பனையாளர் இரண்டையும் ஒரே தாளில் முடிச்சுப் போடுகிறார். அந்த முடிச்சில் நட்டம் உங்களுக்குத்தான்.

முதல் கேள்விக்குச் சட்டமே பதில் வைத்திருக்கிறது. சிங்கப்பூரின் பயனீட்டாளர் பாதுகாப்பு (நியாய வர்த்தகம்) சட்டத்தில், குறையுள்ள பொருளை வாங்கியவரைப் பாதுகாக்க 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கும் லெமன் சட்டப் பிரிவுகள் பழைய கார்களுக்கும் பொருந்தும். பொருள் கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் குறை தெரியவந்தால், ஒப்படைத்த நாளிலேயே அந்தக் குறை இருந்தது என்று சட்டம் கருதும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியவர் விற்றவர்தான். உங்கள் ஆறு மாதம் நவம்பர் தொடக்கத்தில் முடிகிறது. அதற்குப் பிறகும் உரிமை போய்விடாது, ஆனால் நிரூபிக்கும் சுமை உங்கள் தோளுக்கு மாறிவிடும். விற்றவர் வியாபாரியாக இருப்பதால்தான் இந்த வழி திறந்திருக்கிறது. தனிநபர் ஒருவரிடம் நேரடியாக வாங்கியிருந்தால் இது கிடைத்திருக்காது.

"உள்ளது உள்ளபடி" என்ற வரியைக் கண்டு தயங்க வேண்டாம். இந்தச் சட்டம் தரும் உரிமையை ஒப்பந்தத்தில் எழுதி அழிக்க முடியாது. வாங்கும்போதே உங்களிடம் சுட்டிக்காட்டப்பட்ட குறையாக இருந்தால் மட்டும் வாதம் மாறும். அப்போது கையெழுத்திட்ட சோதனைத் தாளில் கியர்பாக்ஸ் பற்றி ஏதாவது குறித்திருக்கிறதா என்று இன்றே எடுத்துப் பாருங்கள்.

இப்போது வாரண்டி வாங்கினால் என்ன ஆகும்? இத்தகைய வாரண்டிகளில் ஏறக்குறைய எல்லாமே, தொடங்கும் நாளுக்கு முன்பிருந்த பழுதை விலக்குகின்றன. பலவற்றில் முதல் 30 நாள் போல ஒரு காத்திருப்புக் காலமும் உண்டு. விண்ணப்பத் தாளின் கீழ்ப்பகுதியில், பொடி எழுத்தில், "எனக்குத் தெரிந்து வாகனத்தில் பழுது ஏதும் இல்லை" என்று ஓர் உறுதிமொழி இருக்கும். உங்களுக்குத் தெரியும், பணிமனையின் விலைப்பட்டியலும் கையில் இருக்கிறது. அதன் கீழ் கையெழுத்திட்டால் வாரண்டி கோரிக்கையும் தள்ளுபடியாகும், லெமன் சட்டத்தின்கீழ் நீங்கள் கேட்கும்போது அதே தாளை விற்பனையாளர் உங்களுக்கு எதிராக நீட்டவும் முடியும். இந்த ஒரு காரணமே போதும் என்பேன்.

ஆகவே கியர்பாக்ஸிலிருந்து தொடங்குங்கள். குளிர்ந்த எஞ்சினோடு வண்டியை எடுத்து, கார்நிறுத்தச் சரிவில் ஏறும்போது அந்த உதறல் தெரியும்படி படமெடுங்கள். ஆர்பிஎம் முள்ளும் ஓடிய கிலோமீட்டரும் படத்தில் விழ வேண்டும். பணிமனையில் ஸ்கேனர் காட்டும் பிழைக் குறியீடுகளை, தேதி, கிலோமீட்டரோடு அச்செடுத்து வாங்குங்கள். அச்செடுப்பதற்கு முன் குறியீடுகளை அழிக்கவே கூடாது. எல்லாவற்றிலும் முக்கியம், கியர்பாக்ஸை வெளியில் பிரிக்க விடாதீர்கள். பழுதுபார்க்கும் வாய்ப்பை முதலில் விற்றவருக்குக் கொடுக்க வேண்டும் என்பதே சட்டத்தின் வரிசை. நீங்களே 9,200 வெள்ளி கொடுத்து மாற்றிவிட்டால் ஆதாரமும் போகும், "எனக்கு வாய்ப்பே தரவில்லை" என்ற பதிலும் வரும்.

பிறகு மின்னஞ்சலில் எழுதுங்கள். தொலைபேசிப் பேச்சை மட்டும் நம்ப வேண்டாம். கார் எடுத்த தேதி, குறை தெரிந்த தேதி, குறியீடுகள் ஆகியவற்றைச் சொல்லி, லெமன் சட்டத்தின்கீழ் உங்கள் செலவின்றிச் சரிசெய்து தருமாறு 14 நாள் அவகாசம் கொடுங்கள். 14 என்பது சட்டத்தில் உள்ள எண் அல்ல, "நியாயமான காலம்" என்பதே அதன் சொல். வாரண்டி வாங்குவதை இதற்கு நிபந்தனையாக ஏற்கவில்லை என்ற வரியையும் சேருங்கள். அவர் சரிசெய்ய மறுத்தால், அல்லது நியாயமான காலத்தில் முடிக்காவிட்டால், விலைக் குறைப்போ, காரைத் திருப்பிக் கொடுத்துப் பணமோ கேட்கலாம். நீங்கள் ஓட்டிய காலத்துக்கு ஒரு தொகை கழியக்கூடும்.

மசியவில்லை என்றால் கேஸ் எனப்படும் பயனீட்டாளர் சங்கத்தின் உதவியை நாடுங்கள், அல்லது நேராகச் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்துக்குப் போங்கள். அங்கே 20,000 வெள்ளி வரை கேட்கலாம், இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வரை. இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும், வழக்கறிஞருக்கு அங்கே இடமில்லை. 9,200 வெள்ளிக் கோரிக்கை இதற்குள் அடங்கும். காரையே திருப்ப விரும்பினால் 118,000 வெள்ளிக்கு மாவட்ட நீதிமன்றம்தான் வழி, செலவும் காலமும் கூடும். உங்கள் நிலையில் நான் பழுதுச் செலவையே கேட்பேன்.

கியர்பாக்ஸ் சரியான பிறகு இரண்டாவது கேள்விக்கு வாருங்கள். "பம்பர் டு பம்பர்", அதாவது கார் முழுதுக்கும் காப்பு என்பது பேச்சு, ஒப்பந்தம் அல்ல. வாரண்டியில் இல்லாத உரிமையை இருப்பதாகச் சொல்லி விற்பது அதே சட்டத்தின்கீழ் நியாயமற்ற நடைமுறை. ஆனாலும் நீங்கள் அதை நிரூபிக்க வேண்டியிருக்கும். எனவே அந்தச் சொல்லை வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். வாரண்டித் தாளின் முழு நகலைக் கேளுங்கள், சிற்றேடு போதாது.

தாளில் முதலில் பார்க்க வேண்டியது, பணம் கொடுக்கப் போவது யார் என்பது. காப்புறுதி நிறுவனம் என்றால் சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் உரிமம் பெற்றதா என்று அதன் இணையப் பட்டியலில் தேடலாம். விற்பனையாளரோ தனி வாரண்டி நிறுவனமோ சொந்தமாகக் கொடுக்கும் வாக்கு என்றால், அந்த நிறுவனம் மூடியதும் வாரண்டியும் போச்சு. நிறுவனங்களைப் பதிவுசெய்யும் அக்ரா ஆணையத்தின் பிஸ்ஃபைல் இணையத்தளத்தில் அதன் வயது, செலுத்திய மூலதனம், இப்போதைய நிலை எல்லாம் தெரியும்.

அடுத்து உச்சவரம்பு. ஒரு கோரிக்கைக்கு 5,000 வெள்ளி, மொத்தமாக 10,000 வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு இதே 9,200 வெள்ளிப் பழுது வந்தால் நீங்கள் கட்டுவது 4,200 வெள்ளி. வாரண்டி விலை 5,200 வெள்ளியைச் சேர்த்தால் 9,400. வாரண்டி இல்லாமல் இருந்ததைவிட 200 வெள்ளி அதிகம்! இரண்டு பெரிய பழுது வந்து மொத்த வரம்பு முழுதும் கிடைத்தாலும் மிச்சம் 4,800 வெள்ளிதான். சொகுசுக் காரில் உங்களைச் சாய்க்கக்கூடியவை மெக்கட்ரானிக்ஸ், ஏர் சஸ்பென்ஷன், டர்போ போன்றவை. வரம்பு அவற்றில் ஒன்றையாவது முழுதாகத் தாங்க வேண்டும்.

பிறகு சொற்கள். "கீழ்க்கண்ட பாகங்கள் மட்டும்" என்று தொடங்கினால், பட்டியலில் பெயர் இல்லாத பாகத்துக்குப் பணமில்லை. "கீழ்க்கண்டவை நீங்கலாக அனைத்தும்" என்பதே வாங்கத் தக்கது. எண்ணெய்க் கசிவு, ரப்பர் சீல்கள், அதிவெப்பத்தால் வரும் சேதம் ஆகியவை விலக்கில் இருந்தால் கவனம். பிளாஸ்டிக் உறை கொண்ட தண்ணீர் பம்ப் கசிந்து எஞ்சின் சூடேறினால், பம்புக்கு மட்டும் பணம் வரும், எஞ்சினுக்கு வராது. பிரித்துப் பார்க்கும் கூலி யாருடையது, முன் அனுமதி வேண்டுமா, ஜோகூரைத் தாண்டிப் பழுதானால் இழுவைச் செலவு உண்டா என்பதையும் கேளுங்கள்.

சர்வீஸ் நிபந்தனையில்தான் பலர் வழுக்குகிறார்கள். 10,000 கிலோமீட்டர் அல்லது 12 மாதம் என்றால் முந்துவதே கணக்கு. 2017இல் போட்டித்தன்மை ஆணையம் தலையிட்ட பிறகு, வெளிப் பணிமனையில் சர்வீஸ் செய்ததாலேயே வாரண்டி ரத்து என்ற நிபந்தனையைக் கார் விற்பனை நிறுவனங்கள் நீக்கிக்கொண்டன. அது புதிய கார்களோடு வரும் வாரண்டி பற்றியது. உங்களுக்கு நீட்டப்படும் தனி வாரண்டி தனக்கென்று பணிமனைப் பட்டியல் வைத்திருக்கலாம்.

காரை வைத்திருக்கப் பத்தாண்டுக்குத் தரப்படும் வாகன உரிமைச் சான்றிதழ் உங்களுக்கு 2030இல் முடிகிறது. அப்போது பதிவை ரத்துசெய்து திரும்பப் பெறும் தொகை வண்டியின் வயதைப் பொறுத்ததே தவிர, கியர்பாக்ஸின் நிலையைப் பொறுத்ததல்ல. ஆகவே பழுதுக்குச் செலவழிப்பது திரும்பி வராது. மேற்சொன்ன வரம்பும் சொற்களும் கொண்ட வாரண்டி கிடைத்தால் வாங்குங்கள். இல்லையேல் அந்த 5,200 வெள்ளியைத் தனிக் கணக்கில் போட்டு வையுங்கள். எதுவானாலும் ஆகஸ்ட் கெடு அவருடையது. காட்சிக்கூடத்தில் கையெழுத்திட்டால், அழைக்காமல் வீடு தேடி வந்து விற்பவர்களிடம் வாங்கியதற்குக் கிடைக்கும் ஐந்து நாள் ரத்து உரிமை கிடைக்காது. உங்கள் கெடு நவம்பர் தொடக்கம், மின்னஞ்சல் இந்த வாரமே போகட்டும்.